பழையன புகுதலும் – 9: “செல் வீக் சார்!”

பழைய டிஜிட்டல் கேமரா விற்பவர்கள் தவறாமல் சொல்வது: “செல் வீக் சார், புதுசு போட்டா ஓடும்.” பாதி நேரம் அது உண்மைதான். மீதிப் பாதிக்காகத்தான் இந்த வாரம்.

போன வாரம் லென்ஸைத் துடைத்து வைத்த அதே கேனன் பவர்ஷாட் ஏ70-ஐயே எடுத்துக்கொள்வோம். 2003-இல் வந்தது, 3.2 மெகாபிக்சல், நான்கு பென்டார்ச் செல்லில் ஓடுவது. ஸ்விட்சைத் தள்ளினால் லென்ஸ் வெளியே வருகிறது, உடனே எல்லாம் அணைந்துவிடுகிறது. செல்லை மல்டிமீட்டரில் பார்த்தாலோ 1.5 வோல்ட் காட்டுகிறது. பிறகென்ன கோளாறு?

மீட்டர் பார்ப்பது வேலை செய்யாமல் சும்மா இருக்கும் செல்லை. கேமரா அப்படி விடாது. லென்ஸ் மோட்டார், திரை, பிளாஷுக்குச் சார்ஜ் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்கும். பெட்டிக்கடையில் சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் தரும் மலிவு செல்லுக்கு அக மின்தடை அதிகம். கேமரா இழுக்கிற இழுப்பில் வோல்டேஜ் சட்டென்று இறங்கிவிடும். கேமராவும் செல் தீர்ந்துவிட்டதென்று முடிவுகட்டிப் படுத்துவிடும். ஆல்கலைன் செல் இதைவிடத் தேவலாம். ஆனால் அதுவும் பாதி தீர்வதற்குள் திணற ஆரம்பித்துவிடும்.

இதற்கு ஏற்றது ரீசார்ஜபிள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல். அதன் மேல் 1.2 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பவர்கள் நிறைய. ஆனால் இழுப்பு எவ்வளவு இருந்தாலும், ஏறக்குறைய தீரும்வரை அந்த 1.2-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் இந்த வகைச் செல்லுக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது: சார்ஜ் போட்டு வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து எடுத்தால் கணிசமாக வடிந்திருக்கும். சான்யோ 2005 நவம்பரில் எனிலூப்பைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆக, இந்தக் கேமராவுக்குச் சரியான தீனி அது பிறந்து இரண்டு வருடம் கழித்துத்தான் கிடைத்தது! தனி லித்தியம் பேட்டரி கேட்கும் மாடல்களுக்கு இந்த யோகம் இல்லை. ஒரிஜினல் பேட்டரி நின்றுபோனால் போலியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். பழைய கேமரா வாங்குவதென்றால் என் ஓட்டு பென்டார்ச் செல்லுக்கே.

நான்கையும் ஒரே செட்டாக வாங்கி, ஒன்றாகவே சார்ஜ் போடுங்கள். புதிது மூன்று, பழையது ஒன்று என்று கலந்தால் அந்த நோஞ்சான் முதலில் காலியாகி, மற்ற மூன்றும் அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்து கெடுத்துவிடும்.

நல்ல செல் போட்டும் அணைகிறதா? செல் அறையின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் எப்போதோ ஆல்கலைன் செல் ஒழுகியிருக்கிறது. ஒழுகியது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காற்றுப் பட்டுக் கார்பனேட்டாகி அப்படிப் பூத்திருக்கும். பட்ஸை வினிகரில் தொட்டுப் பிழிந்துவிட்டு, ஈரம் உள்ளே இறங்காதபடி கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, பொருக்கின் மேல் வையுங்கள். நுரைக்கும். நுரை அடங்கியதும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே இருக்கும் நிக்கல் பூச்சு போனால் அடுத்த மழைக்காலத்தில் துருதான். பென்சில் அழிக்கும் ரப்பர் போதும்.

மூடியையும் கவனியுங்கள். செல்களைத் தொடராக இணைக்கும் தகடு அதில்தான் இருக்கிறது. கொக்கி தேய்ந்து மூடி ஒரு நூல் தூக்கினாலும் தொடுப்பு விட்டுப்போகும். மூடியை விரலால் அழுத்திக்கொண்டு ஆன் செய்து பாருங்கள். ஓடினால் நோய் அங்கேதான். ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே மட்டும் போகாதீர்கள். பிளாஷ் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்குத் தேங்கி நிற்கும்.

ஒவ்வொரு முறையும் தேதி கேட்டால் பதற வேண்டாம். அதற்குத் தனியாகச் சிஆர்2016 பட்டன் செல் இருக்கிறது, மாற்றினால் சரி.

செல்லால் தீராத நோய் ஒன்றும் உண்டு. மெனு தெரியும், பழைய படங்கள் தெரியும், ஆனால் படமெடுக்கப் போனால் திரை கறுப்பு, அல்லது ஊதா நிறத்தில் கோடு கோடாக. சோனி தயாரித்த சிசிடி சென்சார்களில் ஒரு பகுதி, வெப்பமும் ஈரப்பதமும் பட்டு உள்ளிணைப்பு விட்டுப் பழுதாயின. 2005 அக்டோபரில் பல நிறுவனங்கள் இதை அறிவித்து இலவசமாகச் சரிசெய்து தந்தன. கேனன் வெளியிட்ட பட்டியலில் ஏ70-யும் இருந்தது. நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இருபது வருடம் கிடந்த கேமராவென்றால் சந்தேகப்படத்தான் வேண்டும். ஆகவே வாங்கப் போகும்போதே சார்ஜ் போட்ட நான்கு செல்லைப் பையில் எடுத்துப் போங்கள். கடையிலேயே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

படம் எடுக்க மெமரி கார்டு வேண்டுமே, அது இந்தக் காலத்து எஸ்டி இல்லையே என்கிறீர்களா? காம்பாக்ட் பிளாஷ் தேடுவது அடுத்த வாரம்.

(தொடரும்)