சாசனத்தைக் காப்பதும் ஜனங்களுக்குக் காட்டுவதும்

ஒரு ராஜ்யம் எந்தப் பத்திரத்தின்மேல் கையெழுத்திட்டுத் தன் ஜீவிதத்தைத் தொடங்கிற்றோ, அந்தப் பத்திரத்தை இருண்ட அறையில் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் அது பல நூற்றாண்டுகள் சேதமின்றி இருக்கக்கூடும். ஆயினும் எந்த ஜனங்களின் பெயரால் அது எழுதப்பட்டதோ, அவர்கள் ஒருநாளும் அதைக் காணமாட்டார்கள். எல்லோரும் காணட்டும் என்று வெளிச்சத்தில் மாட்டிவைத்தாலோ, பார்க்கப் பார்க்கவே எழுத்து மங்கி, ஒரு தலைமுறை கண்டு களித்ததை அடுத்த தலைமுறை வெற்று ஏடாகக் காண நேரிடும். இந்தச் சங்கடத்தை முழுதாக அனுபவித்து, பெரும் நஷ்டத்திற்குப் பிறகே அதற்குப் பரிகாரம் கண்ட தேசம் அமெரிக்கா. அதன் சுதந்திரப் பிரகடனத்திற்கு நேர்ந்த கதையை நம் நாட்டார் அறிந்திருப்பது நல்லது.

1776-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிலடெல்பியா நகரில் கூடிய காங்கிரஸ் சபை, தான் அங்கீகரித்த பிரகடனத்தைத் தோல் ஏட்டில் அழகுற எழுதும்படி உத்தரவிட்டது. டிமதி மாட்லக் என்பவர் எழுதியதாகக் கருதப்படும் அந்த ஏட்டில் ஆகஸ்டு 2-ஆம் தேதி அங்கத்தினர்கள் கையெழுத்திடத் தொடங்கினார்கள்; முடிவில் 56 பேருடைய கையெழுத்துக்கள் அதில் அமைந்தன. விலங்கின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, ரோமத்தைக் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்திச் செய்யும் இவ்வகை ஏடு காகிதத்தைக் காட்டிலும் உறுதியானது. ஆனால் அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. காற்றில் ஈரம் ஏறினால் அது விரியும், குறைந்தால் சுருங்கும். மாசிக்காயின் சாற்றையும் அன்னபேதியையும் கலந்து செய்த மசியோ, காகிதத்தில் ஊறுவதுபோல் தோலுக்குள் ஊறாமல் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே படிந்து நிற்கும். ஆகவே ஏட்டைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தால் மசி பொடிப் பொடியாக உதிர்ந்துபோகும்.

அந்த ஏடோ தன் வாலிபப் பருவம் முழுவதையும் சுருளாகவே கழித்தது. சுதந்திர யுத்தம் துரத்தியபோதெல்லாம் காங்கிரஸ் சபை ஊர் ஊராகப் பெயர்ந்தது. அதனுடன் ஏடும் பிரயாணம் செய்தது. 1814-ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை வாஷிங்டன் நகருக்குத் தீ வைக்க வந்துகொண்டிருந்த சமயத்தில், ராஜாங்க இலாகாவில் குமாஸ்தாவாக இருந்த ஸ்டீபன் பிளசன்டன் என்பவர் பிரகடனத்தையும் வேறு முக்கிய தஸ்தாவேஜுகளையும் துணிப்பைகளில் திணித்து, வண்டியில் ஏற்றி, முதலில் ஒரு மாவு அரைக்கும் ஆலையிலும் பிறகு லீஸ்பர்க் என்னும் ஊரில் ஆளில்லாத ஒரு வீட்டிலும் சேர்ப்பித்தார். ஒரு தேசத்தின் பிறப்புச் சாசனம் சாம்பலாகாமல் தப்பியது, ராணுவத்தின் பலத்தால் அன்று, கடமையில் சிரத்தையுள்ள ஒரு குமாஸ்தாவின் விவேகத்தால். இத்தகையோரைச் சரித்திரம் இன்னும் சற்று உரக்கவே போற்றலாம்.

தீயிலிருந்து தப்பிய ஏட்டுக்குத் தீங்கு செய்தது வெயிலின் வெளிச்சம். 1841-ஆம் ஆண்டில் டேனியல் வெப்ஸ்டர் ராஜாங்க மந்திரியாக இருந்தபோது, ஜனங்கள் யாவரும் காணவேண்டும் என்ற நல்லெண்ணத்துடனேயே அது புதிய பேடன்ட் காரியாலயத்தின் சுவரில், ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டப்பட்டது. அங்கே 35 வருஷகாலம் பகல் வெளிச்சம் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. 1876-ஆம் ஆண்டில் சுதந்திரத்தின் நூற்றாண்டு விழாவுக்காகப் பிலடெல்பியாவுக்கு அதை எடுத்துச் சென்றபோது, கண்டவர்கள் திடுக்கிட்டார்கள். பல கையெழுத்துக்கள் இருந்த இடம் தெரியாதபடி வெளிறிப் போயிருந்தன. அதன் பிறகு போன மசியை மீட்க முடியவில்லை. இன்று பிரகடனத்தின் உருவமாக உலகெங்கும் அச்சிடப்படுவது, வில்லியம் ஸ்டோன் என்ற சித்திரச் செதுக்காளர் மூன்று ஆண்டுகள் உழைத்து 1823-இல் செம்புத் தகட்டில் செதுக்கி முடித்த பிரதியே. மூலம் முற்றும் மங்குவதற்கு முன்பே ஒரு நல்ல பிரதியை எடுத்து வைத்த முன்யோசனைக்கு அமெரிக்கர்கள் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

நூற்றாண்டு விழாவுக்குப் பல ஆண்டுகளுக்குப் பின், 1894-ஆம் ஆண்டிலிருந்து அந்த ஏடு வெளிச்சம் படாமல் உள்ளே வைக்கப்பட்டது. 1924-இல் காங்கிரஸ் நூலகத்தில் அதற்கென ஒரு மண்டபம் அமைத்து, தீங்கு செய்யும் ஒளிக்கதிரைத் தடுக்க மஞ்சள் நிற ஜெலட்டின் தகட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே பொருத்தி, மறுபடியும் ஜனங்களுக்குக் காட்டினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கா இறங்கியதும், 1941 டிசம்பரில் அது ரயிலேறி, தேசத்தின் தங்கத்தைக் காக்கும் நாக்ஸ் கோட்டையின் நிலவறைக்குப் போய், 1944-இல் திரும்பியது. இங்கிலாந்தின் மாக்னா கார்ட்டா சாசனத்தின் லிங்கன் நகர்ப் பிரதியும் நியூயார்க் கண்காட்சிக்காக வந்த இடத்தில் யுத்தம் மூண்டுவிடவே, அதே கோட்டையில் அடைக்கலம் புகுந்தது. இங்கிலாந்தின் ஜார்ஜ் மன்னனுடைய ஆட்சியை உதறிய பத்திரமும், அம்மன்னனுடைய முன்னோர் காலத்து அரசியல் சாசனமும் ஒரே கூரையின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டன என்பது நினைக்கத்தக்கது.

1951-இல் விஞ்ஞானிகள், அளவான ஈரத்துடன் ஹீலியம் வாயுவை நிரப்பி மூடிய கண்ணாடிப் பேழைக்குள் ஏட்டை வைத்தார்கள். ஹீலியம் எதனுடனும் கூடி ரசாயன மாறுதலை விளைவிக்காது. பிராணவாயு இல்லாத இடத்தில் பூச்சியும் பூஞ்சணமும் பிழைக்கமாட்டா. அடுத்த வருஷம் டிசம்பர் 13-ஆம் தேதி, பீரங்கி வண்டிகள் காவலாகச் செல்ல, பிரகடனமும் அரசியல் சட்டமும் தேசிய ஆவணக் காப்பகத்திற்கு ஊர்வலமாகச் சென்றன. பின்னர், ஏறக்குறைய ஐம்பது வருஷங்களுக்குப் பிறகு, அந்தப் பேழையின் கண்ணாடியே சீர்கெடத் தொடங்கியதற்கு அடையாளம் தென்பட்டபோது, டைட்டானியச் சட்டமிட்ட புதிய பேழைகளைச் செய்து, ஹீலியத்தைவிடக் கனமானதும் எளிதில் கசியாததுமான ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். 2003 செப்டம்பரில் மண்டபம் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள், பள்ளிச் சிறுவர் முதல் முதியோர் வரை, மங்கிய வெளிச்சத்தில் நின்று அந்த வெளிறிய ஏட்டைக் கண்டு செல்கிறார்கள்.

இனி நம் சாசனத்துக்கு வருவோம். 1950-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையின் 284 அங்கத்தினர்கள் கையெழுத்திட்ட இந்திய அரசியல் சட்டம் அச்சிட்ட புத்தகம் அன்று. ஆங்கிலப் பிரதியைப் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதாவும், ஹிந்திப் பிரதியை வசந்த் கிருஷ்ண வைத்யாவும் கையால் எழுதினார்கள். ராய்ஜாதா தமக்குக் கூலி வேண்டாம் என்று மறுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் தம் பெயரும், கடைசிப் பக்கத்தில் தம் பாட்டனாரின் பெயரும் இடம் பெற்றால் போதும் என்று கேட்டதாகச் சொல்லப்படுகிறது. சாந்தி நிகேதனத்தின் நந்தலால் போஸும் அவருடைய சீடர்களும் பக்கங்களுக்குச் சித்திரம் தீட்டினார்கள். சிந்து வெளியின் காளை முத்திரையில் தொடங்கி, புத்தரையும் அசோகரையும் அக்பரையும் கடந்து, காந்தியடிகளின் தண்டி யாத்திரைக்கும் அப்பால் செல்லும் அந்த வரிசையில், தில்லை மூர்த்தியாம் நடராஜரின் ஆனந்த நடனமும், மாமல்லபுரத்துப் பாறையில் பல்லவச் சிற்பி செதுக்கிய தபசுக் காட்சியும் இடம் பெற்றிருப்பதைத் தமிழர் எத்தனை பேர் அறிவார்கள்? நம் உரிமைகளை விதிக்கும் ஏட்டிலேயே நம் முன்னோரின் சிற்பம் அமர்ந்திருக்கிறது.

இவ்வளவு அருமையான ஏடுகள் பல வருஷங்கள் பிளானல் துணியில் சுற்றி, நாப்தலீன் உருண்டைகளுடன் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தன. டெல்லியின் கோடை அனலையும் மழைக்காலத்து ஈரத்தையும் அந்தத் துணி எவ்வளவு நாள் தடுக்கும்? நல்வேளையாக, நமது தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடமும், எகிப்தின் அரச மம்மிகளுக்கென நைட்ரஜன் நிரம்பிய பேழைகளை வகுத்துக் கொடுத்திருந்த அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிலையமும் கூடி உழைத்ததன் பயனாக, 1994-ஆம் ஆண்டு முதல் இரண்டு பிரதிகளும் பாராளுமன்ற நூலகத்தில், நைட்ரஜன் நிரப்பிக் காற்றுப் புகாதபடி மூடிய கண்ணாடிப் பேழைகளில் வைக்கப்பட்டன. உள்ளே ஈரம் ஒரே அளவில் நிற்கிறது. பிராணவாயு மிகச் சொற்பம். ஒளியால் வரும் கேட்டை மட்டும் எந்த வாயுவும் தடுக்காதாகையால், விளக்கை மட்டாக வைத்துக்கொள்வதொன்றே அதற்கு வழி.

காப்பதில் குறை சொல்ல இடமில்லை. காட்டுவதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். கண்ணாடியால் பேழை செய்ததே பார்ப்பதற்காகத்தானே? ஆனால் காவலும் அனுமதிச் சீட்டும் சூழ்ந்த பாராளுமன்ற வளாகத்திற்குள் இருக்கும் ஒரு பொருளை, ராமநாதபுரத்து விவசாயியோ பள்ளிக்கூடத்துப் பெண்குழந்தையோ எப்போது போய்க் காண்பது? அமெரிக்கர் செய்ததுபோல், பாதுகாப்பில் அணுவளவும் தளராமல், எல்லோரும் நுழையக்கூடிய ஒரு பொது மண்டபத்தில் வருஷத்தில் சில வாரங்களாவது அதை வைக்க முடியாதென்று நான் நம்பவில்லை. அது கைகூடும் வரையில் பிரதிகளாவது பரவ வேண்டும். டேராடூனில் உள்ள இந்திய நில அளவைத் துறையின் அச்சுக்கூடத்தில் மூலத்தின் உருவப் பிரதிகள் ஓராயிரம் அச்சிடப்பட்டன. அவற்றைப் பின்பற்றிப் புதுப் பதிப்பு ஒன்று வெளியிட்டு மாவட்டத்துக்கு ஒரு பொது நூலகத்திலேனும் கண்ணாடிக்குள் விரித்து வைப்பது ஒரு சர்க்காருக்குப் பெரிய செலவாகாது. ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: அந்த ஏட்டின் எல்லாப் பக்கங்களும் இப்போது இணையத்தில் காணக் கிடைக்கின்றன, குடியரசு தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் வழங்கிய பிறகு, பிள்ளைகளை உட்காரவைத்து அந்தப் பக்கங்களையும், அவற்றின் கடைசியில் உள்ள கையெழுத்துக்களையும் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள்.