கணவனுக்கு ஜீவனாம்சம் தர முன்வந்த மனைவி!

அந்தக் காலத் தமிழ்ப் படங்களில் பெண்ணின் நிலை

கோர்ட்டில் கூட்டம் நிரம்பி வழிகிறது. கணவன் ஒருபுறம் நிற்கிறான். மனைவி மறுபுறம் நிற்கிறாள். வழக்குப் போட்டவன் கணவன். "என் மனைவி என்னோடு வந்து குடும்பம் நடத்த வேண்டும் என்று உத்தரவு போடுங்கள்" என்பது அவன் கோரிக்கை.

ஒரு காலத்தில் அதே மனைவியைக் கொடுமைப்படுத்தி, கர்ப்பிணி என்றும் பாராமல் கைவிட்டவன் அவன். இப்போது அவள் செல்வச் சீமாட்டி ஆகிவிட்டாள். உடனே உறவு ஞாபகம் வந்துவிட்டது!

மனைவி என்ன சொன்னாள் தெரியுமா? அவனோடு போய் வாழ மறுத்தாள். அவனுக்குக் கஷ்டம் என்றால் மாதந்தோறும் ஜீவனாம்சம் கொடுக்கத் தயார் என்றாள்.

கோர்ட்டு திகைத்தது. கொட்டகையில் படம் பார்த்தவர்களும் திகைத்தார்கள்.

ஆம், இது சினிமாவில் வந்த காட்சி. படத்தின் பெயர் 'தியாகபூமி'. வெளிவந்த ஆண்டு 1939. அந்தக் காலத்தில் பெரும்பாலான இந்துப் பெண்கள் விவாகரத்து கேட்கச் சட்டத்தில் இடம் இல்லை. அப்போதுதான் சினிமாவில் ஒரு பெண் இப்படிப் பேசினாள்.

அந்த இடத்துக்குத் தமிழ் சினிமா எப்படி வந்து சேர்ந்தது? அது ஒரு சுவையான கதை.

புடவை கட்டிய ஆண்கள்

சினிமாவுக்கு முன்னால் ஊருக்கு ஊர் நாடகம்தான். பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பெண் வேஷத்தையும் பையன்களே போடுவார்கள். அதற்கு 'ஸ்திரீ பார்ட்' என்று பெயர். சீதையும் ஆண். சந்திரமதியும் ஆண். பெண்கள் நடித்த நாடகங்களும் இருந்தன. ஆனால் மேடை ஏறிய பெண்ணைச் சமூகம் மதிக்கவில்லை. "கூத்தாடி" என்று ஒதுக்கி வைத்தது.

இந்த நிலையில் பேசும் படம் வந்தது. 1931-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி 'காளிதாஸ்' திரைக்கு வந்தது. அதன் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி. திருவையாற்றைச் சேர்ந்தவர். தமிழ்ப் பேசும் படத்தின் முதல் கதாநாயகி அவர்தான்.

அவர் வாழ்க்கையே ஒரு சினிமாக் கதை போன்றது. பத்து வயது ஆகும் முன்பே கல்யாணம் ஆயிற்று. அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. தந்தையும் இறந்துபோனார். வயிற்றுப் பிழைப்புக்காக அந்தச் சிறுமி நாடக மேடை ஏறினாள்.

அப்படி மேடை ஏறியவர் 1936-ல் என்ன செய்தார்? 'மிஸ் கமலா' என்ற படத்தை எடுத்தார். கதை அவருடையது. டைரக்ஷனும் அவருடையது. பட முதலாளியும் அவரே. கதாநாயகியும் அவரே! தென்னிந்தியாவின் முதல் பெண் டைரக்டர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

கணவனே கண் கண்ட தெய்வம்

ஆனாலும் அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலானவை புராணக் கதைகள்தான். சந்திரமதி, சாவித்திரி, நளாயினி, நல்லதங்காள் என்று பத்தினிகளின் வரிசை நீண்டது. அவர்கள் எல்லோருக்கும் ஒரே வேலைதான். கஷ்டப்பட வேண்டும். பொறுத்துக் கொள்ள வேண்டும். கடைசியில் கடவுள் வந்து காப்பாற்றுவார்.

சமூகக் கதை என்று வந்த படங்களும் இதே பாதையில்தான் போயின. 1936-ல் வந்த 'சதி லீலாவதி'யை எடுத்துக்கொள்ளலாம். எம்.ஜி.ஆர். முதலில் நடித்த படம் அது. கதாநாயகன் குடித்துக் கெட்டுப்போகிறான். மனைவி லீலாவதி எல்லாவற்றையும் பொறுத்துக் காத்திருக்கிறாள். படத்தின் பெயரிலேயே 'சதி' என்ற பட்டம் இருக்கிறது அல்லவா? பொறுத்துக் கொண்ட பெண்ணுக்குத் திரை கொடுத்த பரிசு அந்தப் பட்டம்.

"அவள் ஏன் பொறுக்க வேண்டும்?" என்ற கேள்வி அடுத்த ஆண்டு வந்தது. அதைக் கேட்டவர் டைரக்டர் கே.சுப்பிரமணியம். அவர் வக்கீலுக்குப் படித்தவர். கும்பகோணம் பக்கத்துக்காரர். நாட்டிய மேதை பத்மா சுப்பிரமணியம் அவருடைய மகள்.

சிறுமி கேட்ட கேள்வி

1937-ல் அவர் எடுத்த படம் 'பாலயோகினி'. ஒரு விதவை சொந்தக்காரர்களால் விரட்டப்படுகிறாள். உற்றார் யாரும் கதவு திறக்கவில்லை. கடைசியில் 'கீழ்ச் சாதி' என்று ஒதுக்கப்பட்ட ஒரு வேலைக்காரனின் குடிசைதான் அடைக்கலம் தருகிறது. பெரியவர்கள் சாஸ்திரம் பேசுகிறார்கள். அவர்களை மடக்கிக் கேள்வி கேட்பவள் ஒரு சின்னஞ்சிறு பெண்! அந்த வேஷத்தில் நடித்தவர் பேபி சரோஜா. டைரக்டருடைய அண்ணன் தம்பி வழியில் பிறந்த குழந்தை. அந்தப் படத்துக்குப் பிறகு பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் 'சரோஜா' என்று பெயர் வைத்தார்களாம். இன்று எண்பது வயதைத் தாண்டிய சரோஜாப் பாட்டிகள் பலருக்குப் பெயர் வந்த கதை இதுதான்.

படத்தில் நிஜ வாழ்வில் விதவையான ஒரு பிராமணப் பெண்மணியையே டைரக்டர் நடிக்க வைத்தார். தஞ்சைப் பக்கத்து வைதிகர்கள் கொதித்து எழுந்தார்கள். அவரைச் சாதியை விட்டே விலக்கி வைத்ததாகத் திரைப்பட வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

திரையில் கேட்ட இந்தக் கேள்வி மயிலாப்பூருக்குப் புதிது அல்ல. ஏன் என்றால், மயிலாப்பூரில் 1886-ல் பிறந்த ஒரு பெண் அந்தக் கேள்விக்கு முன்பே பதில் எழுதத் தொடங்கிவிட்டார். அவர்தான் சகோதரி சுப்பலட்சுமி. சிறு வயதில் கல்யாணம். சிறு வயதிலேயே விதவைக் கோலம். மூலையில் உட்கார வைக்கப்பட வேண்டிய அந்தப் பெண்ணைத் தந்தை படிக்க வைத்தார். 1911-ல் மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இளம் விதவைகளுக்காக ஒரு விடுதி தொடங்கினார். எழும்பூரில் ஒரு சிறு வீட்டில், விரல் விட்டு எண்ணக்கூடிய பெண்களோடு அது ஆரம்பித்தது. பிறகு கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு மாறியது.

அங்கே வந்த பெண்கள் படித்தார்கள். வாத்தியார் வேலைக்குப் போனார்கள். சம்பளம் வாங்கினார்கள். அவர் வளர்த்த சாரதா வித்யாலயம் இன்றும் தி.நகரில் இருக்கிறது. மயிலாப்பூர் வித்யா மந்திர் பள்ளிக்கூடம் உருவானதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அடையாறில் ஒரு நிஜ 'சேவாசதனம்'

1938-ல் சுப்பிரமணியத்தின் அடுத்த படம் 'சேவாசதனம்'. மூலக் கதை இந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் எழுதியது. வரதட்சணை கொடுக்க வழியில்லாத ஏழைப் பெண் சுமதியை ஒரு கிழவனுக்குக் கட்டி வைக்கிறார்கள். அவன் சந்தேகப்பட்டு அவளை நடுத்தெருவில் விடுகிறான். அவள் தாசித் தெருவில் போய் விழுகிறாள். பிறகு மீண்டு எழுந்து, ஆதரவற்ற குழந்தைகளைக் காக்கும் இல்லத்தில் சேவை செய்கிறாள்.

சுமதியாக நடித்தவர் யார்? எம்.எஸ்.சுப்புலட்சுமி! அவருக்கு அதுதான் முதல் படம். கிழவனைக் கட்டிக்கொண்ட இளம் பெண்ணின் துயரத்தைத் திரையில் பார்த்தவர்கள், தங்கள் வீட்டுக் கல்யாணங்களையும் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருப்பார்கள். பெண்ணுக்கு 14 வயது ஆகாமல் கல்யாணம் கூடாது என்று சாரதா சட்டம் வந்தது 1929-ல். சட்டம் வந்தும் பல வீடுகளில் குழந்தைக் கல்யாணம் நிற்கவில்லை.

படத்தில் வந்த இல்லத்துக்கு நிகரான ஓர் இல்லம் சென்னையில் நிஜமாகவே இருந்தது. அதை அமைத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1930-ம் ஆண்டு. தாசி குலத்தில் பிறந்த சில சிறுமிகள் தங்க இடம் இல்லாமல் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. டாக்டரம்மாள் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் ஔவை இல்லம். அது அடையாறில் வளர்ந்தது. இன்றும் அங்கே பெண் குழந்தைகள் படிக்கிறார்கள்.

கோயிலில் பெண்களுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டசபையில் குரல் எழுப்பியவரும் அவரே. அந்தச் சட்டம் முழுமையாக வந்தது 1947-ல்.

மயிலாப்பூர் மாட வீதியில் இருந்து வந்த சாஸ்திரி

இப்போது 'தியாகபூமி'க்கு வருவோம். கதை எழுதியவர் 'கல்கி'. படம் தயாராகும்போதே கதை 'ஆனந்த விகட'னில் தொடராக வந்தது. படத்தில் எடுத்த காட்சிகளின் புகைப்படங்களே கதைக்குச் சித்திரங்கள். இது அந்தக் காலத்துப் புதுமை.

கதாநாயகி சாவித்திரியாக எஸ்.டி.சுப்புலட்சுமி நடித்தார். அவளுடைய தந்தை சம்பு சாஸ்திரி. புயலில் தவித்த சேரி மக்களுக்கு இடம் கொடுத்ததற்காக ஊரார் அவரை ஒதுக்குகிறார்கள். அந்த வேஷத்தில் நடித்தவர் பாபநாசம் சிவன். மார்கழி மாதம் விடியற்காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை பாடி வந்த அதே சிவன்தான். தினமும் பார்த்துக் கும்பிட்ட மனிதர் திரையில் வந்து சேரி மக்களை அணைத்தால், பார்ப்பவர் மனம் இளகாதா?

கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி குழந்தை பெறுகிறாள். அந்தக் குழந்தையைத் தூங்கிக்கொண்டிருக்கும் தந்தையின் அருகில் விட்டுவிட்டுப் போகிறாள். பம்பாயில் அத்தையின் சொத்து அவளுக்கு வருகிறது. உமாராணியாகத் திரும்புகிறாள். பிறகுதான் அந்தக் கோர்ட்டுக் காட்சி. கடைசியில் அவள் நாட்டு விடுதலைப் போராட்டத்தில் சேருகிறாள்.

காங்கிரஸ் மந்திரிசபை 1939-ல் பதவி விலகியது. அதன் பிறகு வெள்ளைக்கார சர்க்கார் இந்தப் படத்துக்குத் தடை போட்டது. தேசபக்திதான் காரணம். தடை உத்தரவு வரும் முன் எல்லோரும் பார்த்துவிடட்டும் என்று, சென்னை கெயிட்டி கொட்டகையில் இலவசமாகவே படத்தைக் காட்டினார்கள் என்பார்கள். ஜனங்கள் அலைமோதினார்களாம்.

ஷாங்காயிலும் இதே கதை

இந்தக் கேள்விகள் தமிழ்நாட்டில் மட்டும்தான் கேட்டனவா? இல்லை. அதே ஆண்டுகளில் சீனாவின் ஷாங்காய் நகரத்திலும் கேட்டன. அங்கே ருவான் லிங்யூ என்று ஒரு நடிகை இருந்தார். 1934-ல் 'தேவதை' என்ற மௌனப் படத்தில் நடித்தார். மகனைப் படிக்க வைப்பதற்காக உடலை விற்க நேர்ந்த ஒரு தாயின் கதை அது. மறு ஆண்டு 'புதுமைப் பெண்கள்' என்ற படம். படித்து, சொந்தக் காலில் நிற்க முயன்ற ஒரு பெண்ணைச் சமூகம் எப்படி வதைத்துக் கொன்றது என்பதை அது காட்டியது.

படம் வந்த சில வாரங்களில், 1935 மார்ச் 8-ந் தேதி, ருவான் லிங்யூ தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். வயது 24. பத்திரிகைகள் அவருடைய சொந்த வாழ்க்கையைத் தோண்டி எடுத்து அவதூறு எழுதியது ஒரு காரணம். திரையில் அவளுக்காகக் கண்ணீர் விட்ட உலகம், தெருவில் அவள்மேல் கல் எறிந்தது!

திரை கேட்டது, தெரு சொன்னது

நம் படங்கள் கேட்ட கேள்விகள் துணிச்சலானவை. ஆனால் அவை சொன்ன பதில்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பாலயோகினி யோகினி ஆனாள். சுமதி சேவைக்குப் போனாள். சாவித்திரிக்கு அத்தை சொத்து வந்தது, ராணி ஆனாள். துறவியாகவோ, தொண்டு செய்பவளாகவோ, பணக்காரியாகவோ ஆனால்தான் பெண்ணுக்கு மதிப்பு என்பது போல ஆகிவிட்டது. அத்தை சொத்து இல்லாத சாவித்திரி என்ன செய்வாள்? அதற்குத் திரையில் பதில் இல்லை.

பதில் தெருவில் இருந்தது. மயிலாப்பூரில் இருந்தது. அடையாறில் இருந்தது. ஐஸ் ஹவுஸ் விடுதியில் படித்து, கையெழுத்துப் போட்டு, முதல் மாதச் சம்பளம் வாங்கிய விதவைப் பெண்ணிடம் இருந்தது. அவள் யோகினியும் அல்ல, ராணியும் அல்ல. பள்ளிக்கூடத்து டீச்சர்!

சட்டமும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. 'பாலயோகினி' வந்த அதே 1937-ல், கணவன் சொத்தில் விதவைக்கு ஒரு பங்கு கிடைத்தது. அதுவும் உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்க மட்டும்தான். 1955-ல் இந்து திருமணச் சட்டம் வந்தது. விவாகரத்து உரிமை நாடு முழுவதும் கிடைத்தது. 1956-ல் வாரிசுச் சட்டம் வந்தது. பெண்ணுக்குச் சொத்து முழு உரிமையானது. சாவித்திரி கோர்ட்டில் பேசி 17 ஆண்டுகள் கழித்து!

'தியாகபூமி' தயாரான மவுண்ட் ரோடு ஸ்டூடியோவை எஸ்.எஸ்.வாசன் வாங்கினார். அதுதான் ஜெமினி ஸ்டூடியோ ஆனது. இன்று ஸ்டூடியோ இல்லை. பெயர் மட்டும் மேம்பாலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மயிலாப்பூரில் இருந்தும் தி.நகரில் இருந்தும் நூற்றுக்கணக்கான பெண்கள் காலை நேரத்தில் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் அந்தப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள். தோளில் கைப்பை. பைக்குள் சாப்பாட்டு டப்பா. மாதம் பிறந்தால் சொந்தச் சம்பளம்.

அத்தை சொத்துக்காக அவர்கள் யாரும் காத்திருக்கவில்லை.