சிறு வணிகமும் கணினிவழிக் கொள்ளையும்

கணினிவழிக் குற்றங்களிலிருந்து சிறு வணிகர் தம்மைக் காத்துக்கொள்வது பற்றி வெளிவரும் அறிவுரைகள் பெரும்பாலும் தனிமனித விழிப்பையே வற்புறுத்துகின்றன. இவை பிழையானவை அல்ல. ஆயினும், அபாயம் எங்கே தோன்றுகிறது, அதன் சுமை யார்மீது இறங்குகிறது என்னும் வினாக்களை அவை எழுப்புவதில்லை. இவ்வினாக்களுக்கு விடைகாண, 2017ஆம் ஆண்டில் உலகைத் தாக்கிய 'வன்னாக்ரை' என்னும் தீநிரலின் வரலாறு பெரிதும் துணைபுரிகின்றது.

2017 மே 12ஆம் திகதி பரவத் தொடங்கிய இந்நிரல், சில நாள்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பாதித்தது. கோப்புகளை மறைகுறியாக்கிப் பூட்டிவிட்டு, அவற்றைத் திறப்பதற்கு 300 டொலர் பெறுமதியான பிட்கொயினைக் கப்பமாகக் கோரியது. மூன்று நாள் கடப்பின் தொகை இரட்டித்தது. அது நுழைந்த வழி, விண்டோஸ் மென்பொருளில் இருந்த ஒரு குறைபாடாகும். அவ்வழியைத் திறந்த கருவி, ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவரகத்திடமிருந்து திருடப்பட்டதென மைக்ரோசொஃப்ற் நிறுவனமே வெளிப்படையாகக் கூறிற்று. குறைபாட்டுக்கான திருத்தம் 2017 மார்ச்சில் வெளிவந்திருந்தது. ஆனால் 2014 ஏப்ரலுடன் ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய பதிப்புகளுக்கு, தாக்குதல் தொடங்கிய பின்னரே திருத்தம் பொதுவில் வழங்கப்பட்டது.

இங்கு ஓர் உண்மை தெளிவாகின்றது. குறைபாட்டை அறிந்த அரச நிறுவனம் அதனை ஆயுதமாகப் பேணிற்று. மென்பொருளை விற்ற நிறுவனம் பழைய பதிப்பைக் கைவிட்டது. புதிய கணினி வாங்க வசதியற்றவன் இழப்பைச் சுமந்தான். பழைய கணினியை வைத்திருத்தல் பல வேளைகளில் அசட்டையின் விளைவன்று. மூலதனக் குறைவின் விளைவு. கடன் கொப்பியைக் கணினிக்கு மாற்றிய கடைக்காரர் அதனை இழப்பாராயின், தமக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்பதற்கான சான்றையே இழந்துவிடுகிறார்.

ஆகவே, செய்யத்தக்கன யாவை? கணக்குகளின் காப்புப் பிரதியைக் கணினியுடன் இணைக்காது வேறாக வைத்து, அது திறக்கின்றதா என இடைக்கிடை சோதித்தல். மென்பொருளைத் தவறாது இற்றைப்படுத்தல். பொருள் வழங்குவோரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டதென மின்னஞ்சல் வரின், முன்னரே தெரிந்த தொலைபேசி இலக்கத்தில் கேட்டறிந்த பின்னரே பணம் அனுப்புதல். வங்கி, மின்னஞ்சல் கணக்குகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பு முறையை ஏற்படுத்தல் ஆகியன முதன்மையானவை. ஆனால் இவை ஒவ்வொன்றும் நேரத்தையும் அறிவையும் வேண்டுவன. காசாளராகவும் களஞ்சியக்காரராகவும் கணக்கெழுதுபவராகவும் ஒருவரே உழைக்கும் கடையில் அவ்விரண்டும் அரிதாகவே கிடைக்கும்.

எமது நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் உண்டு. சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கலாம். அழிந்த கணக்கை மீட்டுத் தராது. எனவே வர்த்தக சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இப்பணியை ஏற்றல் வேண்டுமென நாம் கருதுகிறோம். இருபது கடைகள் சேர்ந்து ஒரு தொழில்நுட்பவியலாளரை அமர்த்தலாம். ஒருவருக்கு வந்த மோசடி மின்னஞ்சலை அன்றே ஏனையோருக்கு அறிவிக்கலாம். தாக்குவோர் கூட்டாக இயங்கும்போது, தாக்கப்படுவோரைத் தனித்தனியே விழித்திருக்கச் சொல்வது பாதுகாப்பாகாது. பாதுகாப்பு, பணமுள்ளோர் வாங்கும் பண்டமாக இருக்கும்வரை, சிறு வணிகர் இக்கொள்ளைக்கு எளிய இரையாகவே இருப்பர்.