இணையவழி இலக்கணத் திருத்தமும் தமிழ்வழி மாணவரின் ஆங்கிலக் கற்றலும்: ‘எ’, ‘தி’ பிழைகளை முன்வைத்து

மணியாச்சி, கடம்பூர், கயத்தாறு எனக் கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் ஊர்களிலிருந்து தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர், ஆங்கிலத்தில் எழுதுகையில் தவறவிடுபவற்றுள் முதன்மையானவை ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்னும் ஆர்ட்டிக்கிள்கள். கைப்பேசியிலுள்ள திருத்தச் செயலி, விடுபட்ட இடத்தைக் கோடிட்டுக் காட்டுகிறது. தொட்டதும் சொல் வந்தமர்கிறது. எழுத்து திருந்துகிறது. எழுதியவர் கற்றாரா என்பதே ஆராயத்தக்கது.

தமிழில் ஆர்ட்டிக்கிள் இல்லை என்பது பாதி உண்மையே. ‘அவர் மாடு வாங்கினார்’, ‘அவர் மாட்டை வாங்கினார்’ என்னும் தொடர்களை நோக்குக. முன்னது ஏதோ ஒரு மாடு. பின்னது பேசுவோரும் கேட்போரும் அறிந்த மாடு. ஆங்கிலம் ‘எ கவ்’, ‘தி கவ்’ எனப் பிரிப்பதை, அஃறிணைச் செயப்படுபொருளில் தமிழ் ஐ உருபு தொக்கும் விரிந்தும் நிற்பதாலேயே பெரும்பாலும் உணர்த்திவிடுகிறது. இரண்டாம் வேற்றுமைத் தொகையைப் பள்ளியில் படித்த மாணவரிடம் இவ்வறிவு ஏற்கெனவே உண்டு. ஆங்கில வகுப்பில் அது நினைவூட்டப்படுவதுதான் அரிது.

‘ஹி பாட் கவ்’ என எழுதினால் செயலி பிழை காணும். எந்த ஆர்ட்டிக்கிள் என்பதைச் சூழல் கொண்டு ஊகிக்கும். தனித்தொடராயின் ஊகிக்கவும் வழியில்லை. பருத்தியில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ‘ஹி சோல்ட் காட்டன்’, ‘ஹி சோல்ட் தி காட்டன்’ இரண்டும் வழுவற்றவை. ‘பருத்தி விற்றார்’ என்பது தொழிலையும் குறிக்கலாம். ‘பருத்தியை விற்றார்’ என்பது புஞ்சையில் எடுத்து வீட்டில் சேர்த்திருந்த அந்தப் பருத்தியைக் குறிக்கும். பின்னதைக் கருதி முன்னதை எழுதிய மாணவரைச் செயலி தடுப்பதற்கில்லை.

திருத்தம் கற்றலுக்கு உதவுமா என்னும் விவாதம் இச்செயலிகளுக்கு முற்பட்டது. எழுத்துப் பயிற்சியில் இலக்கணத் திருத்தம் பயனற்றது, தீங்கும் தருவது என 1996இல் ஜான் டிரஸ்காட் வாதிட்டார். 1999இல் டானா ஃபெரிஸ் மறுத்தார். 2007இல் வெளிவந்த ஷீனின் ஆய்வு ஆர்ட்டிக்கிள்களையே எடுத்துக்கொண்டது. சரியான வடிவம் மட்டும் பெற்ற குழுவைவிட, அதனுடன் இலக்கண விளக்கமும் பெற்ற குழு, காலம் தாழ்த்தி நடத்திய தேர்வில் விஞ்சி நின்றது.

செயலிகள் சிலவும் விளக்கம் தருகின்றன. ஆனால் அவை ஆங்கிலத்துக்குள்ளேயே நின்று பேசுபவை, ஐ உருபை அறியாதவை. எனவே கோடிடப்பட்ட தொடரை மாணவரே தமிழில் சொல்லிப்பார்த்து, ‘மாடா, மாட்டையா’ எனத் தெளிந்தபின் திருத்தத்தை ஏற்கச் செய்வது, செயலியை விலக்குவதினும் பொருத்தமானது. இவ்வழி எங்கும் செல்லாது. ‘ஆசிரியரைப் பார்த்தார்’ என உயர்திணையில் உருபு எப்போதும் வரும். ‘மாடு வந்தது’ என எழுவாயில் உருபே இல்லை. அவ்விடங்களில் ‘ஒரு’, ‘அந்த’ என்பவற்றைச் சேர்த்துப் பார்ப்பதே துணையாகும்.