வரையாட்டுக்கு ரூ.25 கோடி... முள்ளெலிக்கு ரூ.20 லட்சம்! காட்டுயிர்களுக்கு அரசு ஒதுக்கும் பணம் எங்கே போகுது?

தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. அதைக் காக்க தமிழ்நாடு அரசு அறிவித்த திட்டத்தின் மதிப்பு ரூ.25.14 கோடி. 2025-ல் வேறு நான்கு உயிரினங்களுக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டது ரூ.1 கோடி. சோலைமந்திக்கு ரூ.48.50 லட்சம், மெட்ராஸ் முள்ளெலிக்கு ரூ.20.50 லட்சம், திமில் மஹசீர் மீனுக்கு ரூ.17 லட்சம், கழுதைப்புலிக்கு ரூ.14 லட்சம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? இந்தப் பணத்தில் அப்படி என்னதான் செய்வார்கள்? ஒரு மலை ஆட்டுக்கு 25 கோடியா என்று கேட்பவர்களும் உண்டு. விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு ஆட்டுக்கு எவ்வளவு?

'வரை' என்றால் மலை. செங்குத்தான பாறைகளில் சர்வசாதாரணமாக ஏறி இறங்கும் இந்த ஆடு, மேற்குத் தொடர்ச்சி மலையில் தமிழ்நாடு, கேரளாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. வரையாடு திட்டம் 2022 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கானது. 2025-ல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 1,303 வரையாடுகள் இருப்பது தெரியவந்தது. வகுத்துப் பார்த்தால் ஓர் ஆட்டுக்கு ஆண்டுக்கு சுமார் 38,500 ரூபாய் வருகிறது.

ஆனால் இந்தக் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். ஏனென்றால், பணம் நேராக ஆட்டுக்குப் போவதில்லை. கணக்கெடுப்பு, ரேடியோ காலர் மூலம் நடமாட்டத்தைக் கண்காணிப்பது, நோய் பாதித்த ஆடுகளுக்கு சிகிச்சை, முன்பு வாழ்ந்து காணாமல் போன இடங்களில் மீண்டும் கொண்டுபோய் விடுவது எனப் பல வேலைகள் இருக்கின்றன. இதெல்லாம் போக, பெரிய வேலை ஒன்று இருக்கு. அது புல்வெளி.

புல்லுக்கு எதுக்குப் பணம்?

வரையாட்டுக்குக் காடு வேண்டாம், உயரமான மலைகளில் உள்ள திறந்த புல்வெளி வேண்டும். பார்ப்பவர்களுக்கு அது வெறும் தரிசாகத் தெரிந்ததுதான் பிரச்னையே. ஆங்கிலேயர் காலத்திலும், சுதந்திரத்துக்குப் பிறகும் தோல் பதனிடவும் விறகுக்கும் ஆலைகளுக்கும் தேவை என்று சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்களை நீலகிரியின் புல்வெளிகளில் நட்டார்கள். அதுவும் அரசுப் பணம்தான். இப்போது அதே மரங்களை அப்புறப்படுத்த அரசே செலவு செய்கிறது! அப்பர் பவானியில் சோலைப் புல்வெளியை மீட்டெடுக்கும் முன்னோடிப் பணி இந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது இதனால்தான்.

சீகையை ஒருமுறை வெட்டினால் வேலை முடிந்துவிடாது. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைத்துவிடும். ஒவ்வொரு வருஷமும் ஆள் வைத்துப் பிடுங்க வேண்டும். ரிப்பன் வெட்டும் விழா எதுவும் இல்லாத, கூலிக்கே பெரும்பங்கு போகிற வேலை இது. பட்ஜெட்டில் முதலில் கை வைக்கப்படுவதும் பெரும்பாலும் இதுபோன்ற செலவில்தான்.

இதனால் கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்டால், தண்ணீர். மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடுவது இந்தப் புல்வெளிகளும் சோலைகளும்தான். பவானி ஆறு அங்கிருந்துதான் கிளம்பி வருகிறது.

எண்ணிக்கை உயர்ந்துவிட்டதா?

2024-ல் நடந்த முதல் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் 1,031. அடுத்த ஆண்டில் 1,303. பார்த்தால் பெரிய வெற்றி போலத் தெரியும். ஆனால் ஒரே ஆண்டில் 270 ஆடுகள் கூடிவிட்டன என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும் விலங்கு இது. இரண்டாவது முறை கூடுதல் இடங்களில் தேடினார்கள், கேரளாவுடன் சேர்ந்து ஒரே நேரத்தில் எண்ணினார்கள். அதனால் கண்ணில் பட்டவை அதிகம். உண்மையான போக்கு தெரிய, இதே முறையில் இன்னும் சில ஆண்டுகள் எண்ண வேண்டும். அதற்கும் பணம் வேண்டும்.

மீனுக்கு நடந்த கதை தெரியுமா?

காவிரியிலும் மோயாற்றிலும் வாழும் திமில் மஹசீர், 50 கிலோவுக்கும் மேல் வளரக்கூடிய மீன். தூண்டில்காரர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த இந்த மீனுக்கு, அறிவியல் பெயர் எது என்பது உறுதியானதே 2018-ல்தான். பெயர் இல்லாததால் ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலிலும் இடம் இல்லை. பட்டியலில் இல்லாத உயிரினத்துக்கு நிதி கேட்பது ரொம்பக் கஷ்டம். பெயர் உறுதியான அதே ஆண்டில் 'மிக அருகிய இனம்' என்று அறிவிக்கப்பட்டது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. நல்லது செய்வதாக நினைத்து, 1970-கள் முதல் பண்ணையில் வளர்த்த வேறொரு மஹசீர் இனத்தின் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அது பெருகியது, சொந்த மீன் குறைந்தது. எந்த உயிரினம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பாதுகாப்புக்குச் செலவழித்தால் இப்படியும் ஆகும். இந்த 17 லட்சம் சின்னத் தொகைதான். ஆனால் முதலில் தேவைப்படுவது, என்ன மிச்சம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான்.

முள்ளெலி ஏன் கடைசியில் நிற்கிறது?

புலி, யானைக்கு மத்திய அரசின் திட்டமே இருக்கிறது. அருகிவரும் 22 இனங்களுக்கான மத்திய அரசின் மீட்புத் திட்டத்தில் வரையாடும் இருக்கிறது. முள்ளெலிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளில் மட்டும் வாழும் இது, சர்வதேசப் பட்டியலில் 'அதிகம் கவலைப்பட வேண்டாத' பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் அது வாழும் நிலம் அரசுக் கணக்கில் பல இடங்களில் தரிசு. சரணாலயம் கிடையாது, சாலையில் வண்டி ஏறிச் சாகிறது, கக்குவான் இருமலுக்கு மருந்து என்று முள்ளுக்காகவும் பிடிக்கப்படுகிறது. இந்த நிலையில் மாநில அரசு தன் நிதியிலிருந்து அதைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு என்றே சொல்லலாம். காப்புக்காடு, புலிகள் காப்பகம் என்ற வேலிக்கு வெளியே இருக்கும் விலங்குக்குப் பணம் போவது அபூர்வம்.

அடுத்து என்ன?

வரையாடு திட்டத்தின் காலம் 2027-ல் முடிகிறது. அதற்குப் பிறகும் அப்பர் பவானியில் சீகை நாற்றைப் பிடுங்கவும், ஆண்டுதோறும் மலை ஏறி ஆடுகளை எண்ணவும் யார் பணம் தருவார்கள் என்பதை அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். மண்ணுக்குள் கிடக்கும் சீகை விதைக்கு ஐந்தாண்டுத் திட்டம் எதுவும் தெரியாது!