ஸ்காலர்ஷிப்புக்கும் வரியா?

“ஸ்காலர்ஷிப் வாங்கினா இன்கம்டாக்ஸ் கட்டணுமாமே அண்ணே?”

சங்கப் பொருளாளர் என்பதால் (கணக்கு என்றாலே என் தலையில்தான்!) இந்த ஆண்டு பலரும் என்னிடம் இதையே கேட்டார்கள். முதலாண்டுத் தங்கை ஒருத்தியின் அப்பா, மகள் கணக்கில் பணம் விழுந்தால் தன் சம்பளத்தோடு சேர்த்து வரி போட்டுவிடுவார்கள் என்று பயந்து, ‘பிரகதி’ உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே விடவில்லை. ஏ.ஐ.சி.டி.இ. டிப்ளமோ மாணவியருக்கு வழங்கும் அந்தத் தொகை எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு 50,000 ரூபாய்! யாரோ டீக்கடையில் சொன்ன சொல்லுக்கு இவ்வளவு விலையா?

நண்பர்களே, சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவு, கல்விச் செலவுக்காக வழங்கப்படும் உதவித்தொகையை மொத்த வருமானத்தில் சேர்க்காமலே விலக்கி வைத்தது. உச்சவரம்பு கிடையாது. அரசு கொடுத்தாலும் சரி, தனியார் அறக்கட்டளை கொடுத்தாலும் சரி. 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலும் இந்த விலக்கு தொடர்கிறது. வருமானத்திலேயே சேராத பணத்தை அப்பா சம்பளத்தோடு எப்படிச் சேர்ப்பார்கள்?

கல்விச் செலவு என்றால் டியூஷன் ஃபீஸ் மட்டுமா? இல்லை. படிப்பதற்காக ஆகும் மற்ற செலவுகளும் அதில் அடங்கும் என்று கர்நாடக உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே ஹாஸ்டல், மெஸ், டிராஃப்டர் வாங்கிய காசு எல்லாம் கணக்கில் வரும்.

ஆனால் ஒன்று. அந்தப் பணத்தை பேங்கில் போட்டு வட்டி வந்தால், வட்டி உதவித்தொகை ஆகாது, அது வருமானம். 18 வயது நிரம்பாதவர் என்றால் அந்த வட்டி மட்டும் அப்பா அல்லது அம்மா வருமானத்தில் சேரும். அந்த அப்பாவின் பயத்தில் இருந்த உண்மை இவ்வளவுதான்.

அடுத்து, மூன்றாமாண்டுக்காரர்கள் கேட்கும் அப்ரண்டிஸ் ஸ்டைபெண்ட். பெயரைப் பார்க்காதீர்கள், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். படிப்புச் செலவுக்கு என்றால் விலக்கு. பயிற்சி என்று பேர் வைத்து, ஷிப்ட் போட்டு வேலை வாங்கிக் கூலியாகக் கொடுத்தால் அது சம்பளம் மாதிரிதான். இரண்டுக்கும் நடுவில் வரும் கேஸ்களில் வாதம் உண்டு. நம்மவர்களுக்கு அந்த வாதமே தேவைப்படாது. 2019-இல் திருத்திய விதி டிப்ளமோ அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்சம் மாதம் 8,000, அதாவது வருஷத்துக்கு 96,000 என்று வைத்தது. 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை!

அப்படியும் சில கம்பெனிகள் ஸ்டைபெண்டில் டி.டி.எஸ். பிடித்துவிடுகின்றன. எங்கள் சீனியர் ஒருவருக்குப் பிடித்தார்கள். “போனது போகட்டும்” என்று விட்டுவிடாதீர்கள். வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணைக் கொண்டு உள்ளே போனால் எவ்வளவு பிடித்தார்கள் என்று தெரியும். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் உங்கள் பேங்க் கணக்குக்கே பணம் திரும்பும். கம்ப்யூட்டர் சென்டரில் 500 ரூபாய் கேட்பார்கள். இணையதளத்தில் நாமே செய்தால் கட்டணமே இல்லை.