மீனை மயக்கும் மாசு

நீர் கெட்டதென்பதற்கு மக்கள் கண்ணாற் காணும் சான்று, செத்துக் கரையொதுங்கும் மீன்களேயாம். ஆயின், மீனைக் கொல்லாது அதன் சந்ததியைக் கெடுக்கும் மாசும் உண்டு. அது நிறமும் மணமுமின்றி நீரிற் கலந்திருப்பது.

இங்கிலாந்தில் டைன், மேர்சி ஆகிய ஆறுகள் கடலோடு கலக்கும் கழிமுகங்களில் பிளவுண்டர் என்னும் தட்டை மீன் வாழ்கின்றது. 1990களில் அங்கு பிடிக்கப்பட்ட ஆண்மீன்களின் குருதியை ஆராய்ந்தோர், பெண்மீனுக்கே உரிய புரதமொன்றை மிகுதியாகக் கண்டனர். முட்டையின் மஞ்சட்கருவை ஆக்குவது அப்புரதமே. மேர்சியிற் சில ஆண்மீன்களின் விந்தகங்களுள் முட்டைக் கலங்களும் காணப்பட்டன.

இஃது எவ்வாறு நேர்ந்தது? ஓமோன் என்பது குருதிவழி சென்று உறுப்புகளை ஏவும் தூது. ஈஸ்திரோசன் என்னும் பெண்மை ஓமோன் ஏவினால், மீனின் ஈரல் இப்புரதத்தை ஆக்கும். ஆண்மீனின் ஈரலுக்கும் அவ்வாற்றல் உண்டு. ஏவும் தூதுதான் அதற்குப் போதிய அளவில் வருவதில்லை. மனிதர் உடலிலிருந்து கழியும் இயற்கை ஓமோனும், கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஓமோனும், தொழிற்சாலைச் சலவைப் பொருள்கள் சிதைவதால் உண்டாகும் நொனைல்பீனோலும் கழிவுநீரோடு ஆற்றை அடைகின்றன. மீனின் உடல் இவற்றைத் தன் தூதென்றே மயங்கி, ஏவலுக்கு இணங்குகின்றது.

இம்மயக்கத்துக்குப் பேரளவு வேண்டுவதில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துச் சிற்றேரி ஒன்றில், 2001 முதல் மூன்றாண்டுகள் ஆய்வாளர் மாத்திரை ஓமோனைக் கலந்து பார்த்தனர். நீரில் அதன் அளவு இலட்சம் கோடிக்கு 5 அல்லது 6 பங்கே. எனினும், அங்கு பெருகியிருந்த சிறுமீனினம் ஒன்று ஏறக்குறைய அற்றுப்போயிற்று. கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் அவ்வினம் மீண்டும் பெருகியது.

ஏரியினும் கடல் பெரிது. அங்கு மாசு விரைவில் ஐதாகும் என்பது உண்மையே. ஆனால், கழிவுநீர் முதலில் வந்து சேரும் கழிமுகமே பல மீன்குஞ்சுகள் வளரும் இடமுமாகும்.

நொனைல்பீனோலின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2003இற் சட்டஞ் செய்தது. மனித உடலிற் சுரக்கும் ஓமோனையோ எச்சட்டத்தாலும் தடுக்கவியலாது. கழிவுநீரை நன்கு சுத்திகரித்தபின் விடுதலே அதற்கு வழி. மாசு நின்றால் மீன் மீளும் என்பதற்கு அக்கனடிய ஏரியே சான்று.